புரமோஷன் ஏன் வரமாட்டேங்குது? கொங்கு வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பனியன் கம்பெனி, மில், ஃபவுண்டரி, பம்ப்செட் கம்பெனி என்று திருப்பூர், கோவைப் பக்கம் ஆள் எடுப்பதும் சம்பளம் போடுவதுமாகவே என் உத்தியோகம் ஓடியது. "மேல வரவே முடியலீங்க" என்று வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பவை இவைதான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் தனியார் கம்பெனிகளுக்குத்தான். அரசு வேலையில் சீனியாரிட்டி, துறைத் தேர்வு என்று வழியே வேறு.

பத்து வருசமா ஒரே சீட்டுங்க. "நீ இல்லீன்னா லைனே ஓடாது"ங்கறாங்க. ஆனா மேல மட்டும் ஏத்த மாட்டேங்கறாங்க. ஏனுங்க?

நீங்கள் இல்லாவிட்டால் லைன் ஓடாது என்றால், உங்களை அந்த லைனைவிட்டு, அதாவது டெய்லர்கள் உட்கார்ந்து தைக்கும் வரிசையைவிட்டு, எடுக்க எந்த மேனேஜருக்குத் தைரியம் வரும்? நான் பார்த்தவரை இந்த வட்டாரத்தில் நல்ல வேலைக்காரர்கள் தேங்கிப்போவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாதாரணமாக நடப்பதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். புதன்கிழமை மத்தியானம் காலர் வைக்கிற இடத்தில் பீஸ் மலைபோலத் தேங்கி நிற்கிறது. லைன் சூப்பர்வைசர் அக்கா எழுந்து போய்ப் பார்க்கிறார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, கட்டிங்கிலிருந்து வந்த பண்டலில் இரண்டு சைஸ் கலந்து கிடக்கிறது. கட்டைப் பிரித்து, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துத் தனியாகப் பிரிக்கிறார். ஓவர்லாக்கில் கை வேகமான ஒரு டெய்லரை எழுப்பி இங்கே உட்கார வைக்கிறார். நாலு மணிக்கு லைன் பழையபடி ஓடுகிறது. இதில் ஒரு வரிகூட எங்கேயும் எழுதப்படவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரின் ரிப்போர்ட்டில் அன்றைக்கு எத்தனை பீஸ் இறங்கியது என்ற ஒரே ஒரு எண்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் ஃப்ளோர் இன்சார்ஜ் சீட் காலியாகிறது. மேனேஜர் மேலே பேர் சொல்ல வேண்டும். அக்கா பேரைச் சொன்னால் முதலாளி "அந்தம்மா என்ன பண்ணிருக்காங்க?" என்று கேட்பார், காட்டக் காகிதம் இல்லை. எடுத்துவிட்டால் அந்த லைனை யார் பார்ப்பது என்ற பயம் வேறு. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போடுவது இரண்டு தலைவலிக்கும் சுலபமான மருந்து.

ஆகவே செய்ய வேண்டியதும் இரண்டு. செய்கிற வேலை காகிதத்தில் தெரிய வேண்டும். உங்கள் சீட்டை இன்னொருவரும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, ஸ்டைல், லைன் எத்தனை நிமிஷம் நின்றது, எதனால், என்ன செய்தீர்கள். சாயங்காலம் மேனேஜருக்கு இரண்டு வரி வாட்ஸ்அப். "நல்லா வேலை பார்ப்பாங்க" என்பதை முதலாளி காதில் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார். "போன மூணு மாசத்தில் லைன் நிற்கிற நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது" என்பது அவர் மண்டையில் நிற்கும்.

அப்படி இன்னொருத்தரப் பழக்கிவிட்டா, என்னையே வெளிய அனுப்பிட மாட்டாங்களா?

நியாயமான பயம். இருபது பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட்டில் அப்படி நடக்கவும் செய்யும், அங்கே மேலே போக இன்னொரு சீட்டே கிடையாது. அந்த மாதிரி இடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு அடுத்த இடம் பார்ப்பதுதான் வழி. நூறு பேருக்கு மேல் இருக்கும் கம்பெனியில், ஆள் உருவாக்கத் தெரிந்த சூப்பர்வைசரை இழக்க யாரும் விரும்புவதில்லை. டெய்லர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊரில் பழக்கிவிடுகிறவருக்கு மதிப்பு அதிகம்.

பழக்குவதை ரகசியமாகச் செய்யாதீர்கள். "இந்தத் தம்பிக்கு லைன் பேலன்சிங் (யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது) சொல்லிக் கொடுக்கறேனுங்க, ரெண்டு மாசத்துல தனியாப் பார்த்துக்குவான்" என்று மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நாளைக்கு அவன் நன்றாகச் செய்தால் பேர் உங்களுக்கும் சேரும்.

முதலாளிகிட்டப் போயி எப்படீங்க கேக்கறது? வாய் வரமாட்டேங்குது.

நம் பக்கத்துப் பழக்கம் அப்படி. எதைக் கேட்டாலும் "பரவாலீங்க" என்று சொல்லியே வளர்ந்துவிட்டோம். முதலாளியும் அதை உண்மையாகவே பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கேட்கும் நேரம் முக்கியம். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நேரத்தில் வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடியில் வேண்டாம். தீபாவளி போனஸ் பேச்சு நடக்கும்போது போனால் உங்களையும் போனஸ் கேட்க வந்த கூட்டத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஏப்ரல் சம்பள உயர்வுக்குப் பிப்ரவரி, மார்ச்சிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள், அதற்கு முன் போங்கள்.

வார்த்தையும் முக்கியம். "எனக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றால் இருநூறு, முந்நூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, ஒரு பத்து நிமிஷம் வேணுமுங்க. இன்சார்ஜ் வேலைக்கு வரணும்னு ஆசைப்படறேன். அதுக்கு எங்கிட்ட என்ன குறையுதுன்னு சொன்னீங்கன்னா ஆறு மாசத்துல சரி பண்ணிக்கறேன்." இதற்கு "முடியாது" என்று பதில் சொல்வது கஷ்டம். குறை சொன்னால் அதுவே உங்கள் பாடத்திட்டம். ஆறு மாதம் கழித்து அதே நோட்டோடு திரும்பப் போகலாம். குறையும் சொல்லாமல், வழியும் காட்டாமல் மழுப்பினால், அதுவும் ஒரு பதில்தான்.

சம்பளத்தையும் பதவியையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் விலை குறைந்ததைக் கொடுத்து மற்றதை மறந்துவிடுவார்கள்.

மேல் சீட்டெல்லாம் முதலாளியோட மாமன் மச்சானுக்கே போகுதுங்க. நம்மள மாதிரி ஆளுக்கு என்ன இருக்கு?

நாசூக்காகப் பூசி மெழுக வேண்டாம், உண்மைதான். இங்கே பெரும்பாலானவை குடும்பக் கம்பெனிகள். கேஷ், பர்ச்சேஸ், பேங்க் வேலை மூன்றையும் சொந்தம் பார்த்து, ஊர் பார்த்து, பல இடங்களில் சாதி பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த நாற்காலிகளுக்காக ஏங்கிப் பத்து வருஷத்தைத் தொலைப்பதில் அர்த்தம் இல்லை.

ஆனால் சொந்தக்காரரை உட்கார வைத்து ஒப்பேற்ற முடியாத நாற்காலிகளும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். சாயக் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டத் தெரிந்த ஆபரேட்டருக்கும் கெமிஸ்ட்டுக்கும் கிடைத்த மரியாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் பட்டறைக்கே பூட்டு விழும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஆர்கானிக் சான்றிதழ், பையர் (துணி வாங்கும் கம்பெனி) ஆடிட் என்று வரும் வேலைகளும் இந்த ரகம். ஆடிட்டர் வந்து ஓவர்டைம் ரெஜிஸ்டரையும் வயதுச் சான்றையும் கேட்கும்போது பதில் சொல்லத் தெரிந்தவர்தான் வேண்டும். தரம், மெயின்டனன்ஸ், பிளானிங், சாம்பிளிங், ஈ.ஆர்.பி (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் கையை ஊன்றுங்கள்.

இன்னொன்று. வெளியூரில் படித்துவிட்டு முதலாளியின் மகனோ மகளோ கம்பெனிக்கு வரும் முதல் ஒன்றிரண்டு வருஷம் பெரிய வாய்ப்பு. அவர்களுக்கு அப்பாவின் பழைய ஆட்கள் எதையும் முழுதாகச் சொல்லித்தர மாட்டார்கள். கேட்ட கணக்கைக் கேட்ட அன்றே கொண்டுவந்து கொடுக்கிறவரை அவர்கள் மறப்பதில்லை.

இதெல்லாம் செய்வதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் கம்பெனியில் மேலே இருக்கும் ஐந்து பேரை எண்ணிப் பாருங்கள். அதில் ஒருவராவது வெளியாள், கீழிருந்து ஏறி வந்தவர் உண்டா? ஒருவர்கூட இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

டிப்ளமோதானுங்க படிச்சேன். நேத்து வந்த பி.இ. பையன் எனக்கு மேல இன்ஜினியரா உக்காந்துட்டான்.

இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. கோவையில் ஜி.சி.டி, சி.ஐ.டி, பி.எஸ்.ஜி டெக் ஆகிய மூன்று இன்ஜினியரிங் காலேஜ்களும் வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்காகப் பகுதி நேர பி.இ. நடத்தி வந்திருக்கின்றன. மாலை வகுப்பு, மூன்றரை வருஷம். ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு ஓடி, ராத்திரி வீடு திரும்பும் வாழ்க்கை சுலபம் இல்லை. ஆனால் சேர்வதற்கு முன்பே கம்பெனியில் பேசி ஜெனரல் ஷிப்ட் (பகல் வேலை) வாங்கிக்கொண்டவர்கள் முடித்துவிடுகிறார்கள். வாங்காதவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

அஞ்சல் வழியில் பி.இ. தருகிறோம் என்று யாராவது வந்தால் பணம் கட்டாதீர்கள். இன்ஜினியரிங்கை அஞ்சல் வழியில் படித்து வாங்கும் பட்டத்தை ஏற்க முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"ஜி.டி. நாயுடு என்ன டிகிரி படிச்சாரு?" என்று இங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஆரம்பித்தவர், எல்லாம் சரி. அவர் முதலாளி. முதலாளியிடம் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

பட்டம் படிக்க நேரமோ பணமோ இல்லாதவர்கள் கைத்தொழிலின் உள்விவரத்தில் ஆழமாகப் போகலாம். ஒரு ஃபவுண்டரியில் பம்ப் பாடி வார்ப்பு அடிக்கடி புளோ ஹோல் (காற்று ஓட்டை) விழுந்து ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஐ.டி.ஐ படித்த ஒரு மோல்டர் (மண்ணில் அச்சு செய்பவர்), ரிஜெக்ட் ஆன பீஸ்களை ஊற்றிய தேதியையும் ஷிப்டையும் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தார். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் காலை ஷிப்டில் ரிஜெக்ஷன் ஏறியது. கொட்டகை ஓரம் குவித்த அச்சு மண்ணில் ஈரம் ஏறுகிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மண்ணை உள்ளே தள்ளிப் போட்டு, ஈரத்தைச் சோதித்த பிறகே கலக்க ஆரம்பித்தார்கள். அந்த மோல்டருக்கு குவாலிட்டி சீட் கொடுத்தபோது டிகிரியைப் பற்றி யாரும் பேசவில்லை. மில்லில் இருப்பவர்களுக்கு கோவை சிட்ராவில் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) சூப்பர்வைசர் பயிற்சி உண்டு. மெஷின் பராமரிப்பிலிருந்து நூல் தரம் வரை கணக்கோடு சொல்லித் தருவார்கள்.

இங்கிலீஷ் வராதுங்க. மெர்ச்சன்டைசர் ஆக முடியுமா?

முடியும். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசிங்கில் பேசுவதைவிட எழுதுவது அதிகம், எழுதுவதும் திரும்பத் திரும்ப அதேதான்: லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அனுப்பிவிட்டோம், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி உடை) கமென்ட் எப்போது வரும், துணி இன்ன தேதிக்கு இன்-ஹவுஸ் ஆகும் (கம்பெனிக்கு வந்து சேரும்). உங்கள் கம்பெனியின் பழைய மெயில்களை எடுத்து ஐம்பது வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டெக் பேக் என்ற விவரத் தாளில் இருக்கும் அளவுகளையும் தையல் பெயர்களையும் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும், அதில் டெய்லராக இருந்து வந்தவர்களுக்குக் காலேஜ் பிள்ளைகளைவிடக் கண் கூர்மை.

ஹிந்தி?

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருக்கும் ஃப்ளோரில் ஹிந்தி நாலு வார்த்தை தெரிந்த சூப்பர்வைசர் சீக்கிரம் மேலே போகிறார். அரசியல் எப்படியோ போகட்டும், பஜாரில் பேசும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

பொம்பளைங்களுக்கு மட்டும் லைனுக்கு மேல சீட்டே கிடையாதாங்க? கேட்டா "ராத்திரி நிக்க முடியுமா"ங்கறாங்க.

தைக்கிற இடத்தில் பெண்கள், நின்று அதட்டுகிற இடத்தில் ஆண்கள் என்பது பல கம்பெனிகளில் எழுதாத சட்டம். காரணமாகச் சொல்வது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்தால் ராத்திரி எட்டரை வரை சூப்பர்வைசர் நிற்க வேண்டும், பெண்ணால் முடியுமா என்பார்கள். இதைக் கணக்காகத் திருப்பிக் கேளுங்கள். "ஐந்தரை வரைக்கும் எத்தனை பீஸ் இறங்கணும்னு சொல்லுங்க, அதை இறக்கித் தர்றேன். கடைசி மூணு மணி நேரம் அசிஸ்டென்ட் பார்த்துக்கட்டும்." சில கம்பெனிகள் இதற்கு ஒத்துக்கொள்கின்றன. வேன் வசதியோடு எட்டரை வரை நிற்பதற்கு வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பேச்சை யாரும் உங்களுக்காகப் பேச முடியாது. ஆனால் மாமியாரிடம் "புரமோஷன்" என்று ஆரம்பிப்பதைவிட "மாசம் இவ்வளவு கூட வரும்" என்று ஆரம்பித்தால் பேச்சு நீளாது.

பிரசவ விடுப்பில் போய் வந்தால் சீட் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ-யில் (தொழிலாளர் அரசு காப்பீடு) இருப்பவர்களுக்கு அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ-யிலிருந்து வரும். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கவோ, சம்பளத்தையோ வேலை நிபந்தனைகளையோ பாதகமாக மாற்றவோ கூடாது. போகும்முன் உங்கள் பதவிப் பெயரும் சம்பளமும் உள்ள கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் சொல்றபடி கேட்டா இன்சார்ஜ் ஆக்கறேன்" என்று சாடையாகப் பேசும் ஆள் இருந்தால், அது 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறு யூனிட் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். அது தீராம வேற எங்கயும் போகக்கூடாதுங்கறாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவுங்ககிட்டத்தான் கெடக்குது.

விசைத்தறிப் பக்கம் இது சகஜம். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் அட்வான்ஸ் வாங்காத தறி ஓட்டி அபூர்வம். கடன் கடன்தான், திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் கடனைக் காட்டி வேறு இடத்தில் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும் விஷயம். புதுக் கம்பெனியில் பேசி அட்வான்ஸைக் கட்டச் சொல்வது இங்கே எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் கட்டியதற்கு எழுத்தில் ரசீது வாங்காமல் வராதீர்கள், இல்லையென்றால் ஒரே கடனுக்கு இரண்டு முதலாளி.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வேலைக்குச் சேரும்போதே கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டவர்கள் பேங்க் லோன், மகனின் காலேஜ் அட்மிஷன் என்று ஒரு தேவையைச் சொல்லி, வேலையைவிடும் பேச்சு வருவதற்கு ரொம்ப முன்பே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

சம்பளம் கையில தர்றாங்க, பே ஸ்லிப் இல்லை. நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா என்னத்தக் காட்டறது?

பி.எஃப் பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என் (பி.எஃப் அடையாள எண்) கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்பது வரும். அனுபவச் சான்று தர மறுக்கும் இடத்தில் அதுவே சாட்சி. மத்திய அரசின் உமங் செயலியில் பார்க்கலாம். பி.எஃப்-பும் இல்லையென்றால் சம்பளத்தைப் பேங்கில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை மாறும்முன் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) பாருங்கள். ஐந்து வருஷம் முடிந்திருந்தால், கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கு உரியது கிடைக்கும். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து மாசம் 18,000, சர்வீஸ் எட்டு வருஷம் என்றால் ஏறக்குறைய 83,000 ரூபாய். நாலரை வருஷத்தில் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சம்பளம் 21,000 தாண்டினா ஈ.எஸ்.ஐ போயிருமாமே? அதனால புரமோஷன் வேண்டாம்னு சொல்லிடலாமான்னு இருக்கு.

சொல்லிவிடாதீர்கள். 2017-ல் வரம்பை 15,000-லிருந்து 21,000 ஆக்கினார்கள். நடுவில் சம்பளம் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை ஈ.எஸ்.ஐ தொடரும். அதற்குள் கம்பெனியிடம் குரூப் மெடிக்கல் பாலிசி கேளுங்கள். அம்மா அப்பாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தால் மட்டும், பாலிசி கையில் வந்த பிறகு பதவியை ஏற்றுக்கொள்வது நல்லது.

சரவணம்பட்டியில ஐ.டி-ல இருக்கேன். பெங்களூருக்குப் போகாம மேல வர முடியாதா?

ஒரு மட்டம் வரை வரலாம். உங்கள் மேனேஜர் பெங்களூரில் இருந்தால் அவருக்கு நீங்கள் ஒரு குரலும் டிக்கெட் நம்பரும்தான். வாரத்துக்கு ஒரு நேர்ப்பேச்சைக் கேட்டு வாங்குங்கள், அப்ரைசலுக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் வேலையை எழுதி அனுப்புங்கள். டீம் லீடுக்கு மேலே உள்ள சீட்டுகள் கோவை ஆபீஸிலேயே எத்தனை இருக்கின்றன என்று விசாரியுங்கள். ஒன்றோ இரண்டோதான் என்றால் கம்பெனி மாறுங்கள், ஊர் மாற வேண்டியதில்லை.

இதுக்குப் பேசாம சொந்தமா ஒரு லேத்து போட்டுக்கலாமே?

இந்தக் கேள்வி வராமல் இந்த ஊரில் எந்த உத்தியோகப் பேச்சும் முடிந்ததில்லை. மேனேஜர் மேல் உள்ள கோபத்தில் லேத் பட்டறை போடாதீர்கள். ஆர்டர் தரப்போகும் இரண்டு பார்ட்டி பெயர் கையில் இருக்கிறதா, பணம் வர தொண்ணூறு நாள் ஆனால் தாங்குமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியம் உண்டு. இல்லையென்றால் அடக்க விலைக் கணக்கு தெரியும் சீட்டுக்கு உள்ளேயே மாறி, இரண்டு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு வழியா இன்சார்ஜ் ஆயிட்டேனுங்க. நேத்து வரைக்கும் கூட நின்னு டீ குடிச்சவங்க இன்னைக்கு மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க.

பேசுவார்கள், கொஞ்ச நாள் போகும். அதுவரை டீக்கு அங்கேயே போங்கள், மேனேஜர் கேபினில் வாங்கிக் குடிக்காதீர்கள். உங்களைவிட மூத்தவர் ஒருவர் அந்தச் சீட்டை எதிர்பார்த்திருப்பார். முதல் வாரமே அவரைத் தனியாகப் பார்த்து, "அண்ணா, கட்டிங் பக்கம் நீங்க சொல்றதத்தான் கேக்கப்போறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேளுங்கள். லீவு, பெர்மிஷன் விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். பழைய சிநேகிதிக்கு ஒரு நாள் சும்மா விட்டால் மறுநாள் முப்பது பேர் கேட்பார்கள்.